ஜன்னலா, பல்பா, லைட் பாக்ஸா? வீட்டில் சின்னப் பொருட்களைப் படமெடுக்க எது உங்களுக்குச் சரி

மைனியின் (அண்ணியின்) தேன் குப்பியை நான் முதலில் படமெடுத்தது ஒரு ராத்திரி எட்டு மணிக்கு, அடுக்களை மேசையில், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில். படத்தில் தேன் கருப்பட்டிப் பாகு மாதிரி கருத்து, கெட்டியாகத் தெரிந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து வாங்கியவர், வந்த குப்பியில் தேன் வெளுத்திருக்கிறது, தண்ணீர் கலந்திருக்கிறீர்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். ரப்பர் தளிர் விடும் காலத்தில் எடுத்த தேன் அது. அதன் நிறமே இளம் பொன்தான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம், சென்னையில் இருக்கிற ஒருவருக்கு எப்படித் தெரியும்? "தேன்ல ஒரு கொறையும் இல்ல மக்கா, படம்தான் பொய் சொல்லிட்டு கேட்டியா" என்றார் மைனி. அந்த வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்களுக்கும் எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கும் ஓலைப் பெட்டி, கருப்பட்டி, நகை, லேஸ் விரிப்பு என்று நிறையப் படமெடுத்துவிட்டேன். வீட்டிலிருந்து விற்கத் தொடங்குகிற ஒவ்வொருவரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அக்கா, ஜன்னல் வெளிச்சம் போதுமா, பல்பு வாங்கணுமா, இல்ல அந்த மடக்குப் பெட்டி வாங்கிரட்டுமா?" மூன்றையும் மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்ததை வைத்து இங்கே எழுதுகிறேன்.

முடிவு செய்யும் முன் பார்க்க வேண்டியவை

பெரும்பாலும் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். முதலில் பார்க்க வேண்டியது பொருளின் மேல்பரப்பு.

ஓலைக் கொட்டான், கருப்பட்டி, மயிலாடிக் கல் சிற்பம் போன்ற மங்கலான பொருட்கள் தங்கள் மேல் விழுகிற வெளிச்சத்தைக் காட்டும். எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வருகிறது என்பதில்தான் அவற்றின் அழகு. பித்தளை விளக்கு, வடசேரி நகை, மெருகேற்றிய சங்கு போன்ற மினுக்கமான பொருட்கள் சுற்றியிருப்பதைக் காட்டும். எதிரில் நிற்கிற நீங்கள், கையிலிருக்கும் போன், மேலே ஓடும் ஃபேன் எல்லாம் அதில் தெரியும். தேன், எண்ணெய், ஊறுகாய் மாதிரி கண்ணாடிக் குப்பியில் இருப்பவை தமக்குப் பின்னால் இருப்பதைக் காட்டும். ஒரே வெளிச்ச அமைப்பு இந்த மூன்றுக்கும் பொருந்தாது. பாதிக் குழப்பம் இதனால்தான்.

இரண்டாவது, உங்களுக்குக் கை ஒழிகிற நேரம். காலை ஒன்பதரைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார முடிகிறவருக்கும், ராத்திரி பத்து மணிக்கு எல்லோரும் படுத்த பிறகுதான் நேரம் கிடைக்கிறவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

அடுத்து, எத்தனை பொருள், எல்லாம் ஒரே மாதிரித் தெரிய வேண்டுமா என்பது. வாரத்துக்கு இரண்டு படம் என்றால் எதுவும் சரி. முப்பது ஜோடிக் கம்மல் ஒரே பக்கத்தில் வரிசையாக வரப்போகிறது என்றால், இன்று எடுத்ததும் பத்து நாள் கழித்து எடுத்ததும் ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும்.

எங்கே விற்கிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்கு என்றால் வீட்டு மரப்பலகை மேல் வைத்து எடுத்த படமே நெருக்கமாக இருக்கும். அமேசான் மாதிரி தளத்தில் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி வேண்டும், பொருள் படத்தின் சட்டத்துக்குள் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும்.

இடம், பணம் இரண்டும் அதற்குப் பிறகு.

எந்த வழிக்குப் போனாலும் ஒன்றை மனதில் வையுங்கள். நிழல் மென்மையாக விழுவதும் கத்தி மாதிரி விழுவதும் வெளிச்சத்தின் பலத்தால் வருவதில்லை. பொருளோடு ஒப்பிட வெளிச்சம் வருகிற பரப்பு எவ்வளவு பெரியது என்பதால் வருவது. 9 வாட் பல்பை மாற்றி 20 வாட் போட்டால் படம் பிரகாசமாகும், நிழல் அப்படியேதான் கிடக்கும். அதே 9 வாட் பல்புக்கு முன்னால் ஒரு முழம் வெள்ளைத் துணியைக் கட்டினால் நிழலின் ஓரம் கரைந்துவிடும். இப்போது பொருளுக்கு வெளிச்சம் கொடுப்பது அந்தத் துணி.

ஜன்னல் வெளிச்சம்

காசில்லாமல் கிடைக்கிற பெரிய வெளிச்சப் பரப்பு இது. நிறமும் நேர்மையாக வரும். நகையின் சிவப்புக் கல்லும், தேனின் பொன் நிறமும், கருப்பட்டியின் காப்பி நிறமும் ஜன்னலோரத்தில் தெரிவது போல வேறு எந்த விளக்கிலும் நான் பார்த்ததில்லை.

செய்முறை எளிது. ஜன்னலுக்குப் பக்கவாட்டில், இரண்டடி தள்ளி ஒரு மேசை. வெள்ளை சார்ட் பேப்பரின் மேல் முனையைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேசை மேல் இறக்குங்கள். பொருளை அதன் நடுவில் வையுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்துங்கள். மருந்துக் கடையில் வரும் தெர்மாகோல் பெட்டியின் மூடி போதும். இருட்டுப் பக்கத்துக்கு அது வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். பலகையை நெருக்கினால் நிழல் வெளுக்கும், தள்ளினால் ஆழமாகும். ஓலைப் பின்னலும் கல் சிற்பமும் எடுக்கும்போது நான் பலகையை முழுக்க எடுத்துவிடுவேன். நிழல் இருந்தால்தான் உளி பட்ட தடம் தெரியும்.

எந்தத் திசை ஜன்னல் என்பதில் நம் மாவட்டத்துக்கென்று தனிக் கணக்கு உண்டு. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் எல்லாம் "வடக்கு ஜன்னல்" என்றே சொல்லும். அவை ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனதில் வைத்து எழுதியவை. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கம்தான். நாம் இருப்பது வட அட்சம் 8 டிகிரியில். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை நண்பகலில் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கும். வைகாசி, ஆனியில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் சாய்ந்து விழும், தெற்கு ஜன்னல் நாள் முழுக்க நிழலாக இருக்கும். ஐப்பசியிலிருந்து மாசி வரை இது தலைகீழ்: வடக்கு ஜன்னல்தான் நிழல். ஆக வருஷத்தில் பாதி நாள் மேசையை இடம் மாற்ற வேண்டும். ஒரே ஒரு ஜன்னல்தான் இருக்கிறது என்றால், வெயில் விழும் நேரத்தில் பழைய ஒற்றை வேட்டியை அதில் திரையாகக் கட்டிவிடுங்கள். வெயிலே மென்மையாகிவிடும்.

இனி, யாரும் சொல்லாத செலவுகள்.

முதலாவது பச்சை. தக்கலை, குலசேகரம், அருமனை பக்கத்து வீடுகளில் ஜன்னலைத் திறந்தால் ரப்பரும் தென்னையும் வாழையும்தான். அந்த இலைகளில் பட்டு உள்ளே வரும் வெளிச்சத்தில் பச்சை கலந்திருக்கும். நம் கண் அதைத் தானாகச் சரி செய்துகொள்ளும், படத்தில் சார்ட் பேப்பர் இளம்பச்சையாக இருக்கும். எங்கள் குழுவில் ஓர் அக்கா செய்த வெள்ளை லேஸ் விரிப்பை நான் எடுத்தபோது, வாழைக் கன்றுக்கு எதிரே இருந்த ஜன்னலால் அது பாசி பிடித்த துணி போல வந்தது. மாடி ஜன்னலுக்கு மாற்றினேன், வெள்ளையாயிற்று. கீழே சிவப்பு சிமெண்ட் தரை இருந்தால் பொருளின் அடிப்பக்கம் சிவப்பு ஏறும், பச்சையும் ரோஸும் அடித்த சுவரும் அப்படியே. மேசைக்குப் பக்கத்தில், தரையிலும் சுவரிலும் வெள்ளை விரிப்பு போட்டால் சரியாகும்.

இரண்டாவது மழை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் நமக்கு உண்டு. மேகம் மூடிய வானம் படத்துக்கு நல்லதுதான், வானமே ஒரு பெரிய வெள்ளைத் துணி ஆகிவிடுகிறது. ஆனால் மேகம் நகர நகர வெளிச்சம் ஏறி இறங்கும். பத்துக் கம்மல் எடுத்து முடிப்பதற்குள் முதல் படமும் பத்தாவதும் வேறு வேறு நிறத்தில் நிற்கும். சாரல் கட்டிய நாளில் வெளிச்சம் குறைந்து, போன் தானாக ஐ.எஸ்.ஓ.வை (வெளிச்சத்தை உணரும் அளவை) ஏற்றி, படம் பொரிபொரியாகிவிடும்.

மூன்றாவது காற்று. ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்து சார்ட் பேப்பர் விரிக்க முடியாது. கண்ணாடிக் கதவு இருந்தால் மூடுங்கள். மரக்கதவு என்றால், பேப்பரின் நான்கு மூலையிலும் துணி கிளிப் போட்டாலும் படபடக்கும். அந்த மாதத்துக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும், பகலில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கும், வாரத்துக்கு ஐந்தாறு பொருளுக்கு மேல் இல்லாதவர்களுக்கும், உணவுப் பொருள் விற்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். மட்டி வாழைப்பழத்தை எல்.இ.டி வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

இரண்டு எல்.இ.டி பல்பும் ஒரு வேட்டியும்

நான் இன்று அதிகம் பயன்படுத்துவது இதுதான். இரண்டு டேபிள் லாம்ப் அல்லது கிளிப் ஹோல்டர், இரண்டு பல்பு, ஒரு பழைய வேட்டி அல்லது நேரியல், துணி காயப்போடும் கொடிக்கயிறு. பொருளின் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் சற்றுத் தள்ளி ஒன்று. இரண்டுக்கும் முன்னால் துணி. துணிக்கும் பல்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். துணி முழுக்க வெளிச்சம் பரவுவதற்கு அந்த இடைவெளி வேண்டும், பாதுகாப்புக்கும் அது நல்லது. பழைய குண்டு பல்பை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம், அந்தச் சூட்டில் துணி கருகும்.

தூரம்தான் உங்கள் கையிலிருக்கும் திருகு. பல்பை 30 செ.மீ.யிலிருந்து 60 செ.மீ.க்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால் பங்காகும். இடது விளக்கு கிட்டே, வலது விளக்கு அதைவிட ஒன்றரை மடங்கு தூரத்தில் என்று வைத்தால் பொருளுக்கு உருண்டை தெரியும். இரண்டையும் சம தூரத்தில் வைத்தால் நிழல் இரு பக்கமும் விழுந்து பொருள் தட்டையாகிவிடும். இதுதான் முதலில் எல்லோரும் செய்கிற பிழை.

பல்பு வாங்கும்போது அட்டையைப் பாருங்கள். "வார்ம் ஒயிட்" என்றால் 2700 முதல் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு), மஞ்சள். "கூல் டே லைட்" என்றால் 6500 கெல்வின், சற்று நீலம் ஏறிய வெள்ளை. எதுவானாலும் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே நாளில் வாங்கியதாக இருக்கட்டும். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்று கலந்துவிட்டால் எந்த ஆப்பிலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. இதே காரணத்துக்காக அறையின் டியூப் லைட்டை அணையுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள்.

அட்டையில் சி.ஆர்.ஐ. என்று இன்னோர் எண் இருக்கும். சூரிய வெளிச்சத்தில் தெரிகிற நிறத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இந்த பல்பு காட்டுகிறது என்பதன் அளவு, 100-க்கு. சாதாரணப் பல்புகள் 80-ஐ ஒட்டி இருக்கும். ஓலைப் பெட்டிக்கு அது தாராளம். கெம்புக் கல் பதித்த நகைக்குப் போதாது. சிவப்பைக் காட்டுவதில்தான் குறைந்த எண் உள்ள பல்புகள் தோற்கும், கல் செங்கல் பொடி நிறத்தில் செத்துக் கிடக்கும். நகை விற்பவர் 90-க்கு மேல் உள்ள பல்பைத் தேடி வாங்குவது தண்டச் செலவு இல்லை.

வேட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி வெளிச்சத்தில் நீலத்தைச் சேர்க்கும், பெட்டிக்குள் பழுத்த வேட்டி மஞ்சளைச் சேர்க்கும். தோர்த்து (மெல்லிய குளியல் துண்டு) வேண்டாம், அதன் நெசவு இடைவெளி பெரிது, புள்ளி புள்ளியாக நிழல் விழும். துணியைக் கட்டி முடித்த பிறகு, பொருள் வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, போன் கேமராவின் புரோ மோடில் ஒயிட் பேலன்ஸை (நிறத்தைச் சரி செய்யும் அமைப்பை) அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும் வரை நகர்த்தி அப்படியே விட்டுவிடுங்கள். அன்று எடுக்கும் அத்தனை படத்துக்கும் அது மாறக்கூடாது.

படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக விழுந்தால் போன் பழுது என்று பயப்பட வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. விநாடிக்கு 100 தரம் மினுக்கும். ஷட்டரை (போன் வெளிச்சத்தை வாங்கும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் பட்டை போய்விடும். அவ்வளவு மெதுவான ஷட்டரில் கை நடுங்கும் என்பதால் போனுக்கு ஒரு ஸ்டாண்டும் 3 விநாடி டைமரும் வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இங்கே இடமும் நேரமும். ஒவ்வொரு முறையும் கொடி கட்டி, துணி மாட்டி, விளக்கு நிறுத்த அரை மணி நேரம் போகும். தரையில் விளக்குக் கால் நின்ற இடத்துக்கெல்லாம் சாக்பீஸில் குறி போட்டு வைத்த பிறகு எனக்குப் பத்து நிமிஷமாகக் குறைந்தது. வீட்டில் தவழுகிற பிள்ளை இருந்தால் வயரும் விளக்கும் தரையில் கிடப்பதை யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும்.

ராத்திரியில்தான் நேரம் கிடைக்கும் என்பவர்கள், வாரந்தோறும் நிறைய எடுப்பவர்கள், படமெல்லாம் ஒரே முகத்தில் இருக்க வேண்டும் என்பவர்கள் இதற்குள் வரலாம்.

மடக்கு லைட் பாக்ஸ்

சதுரமாக விரியும் வெள்ளைப் பெட்டி, உள்ளே மேல்பக்கம் எல்.இ.டி. பட்டி, முன்னால் அல்லது மேலே ஒரு துளை. வாங்கியவுடன் படம் எடுக்கலாம் என்பது உண்மை. மடக்கினால் அலமாரியில் புத்தகம் போல நிற்கும். யு.எஸ்.பி.யில் எரிவதால் பவர் பேங்க் போதும், மழைக்காலத்துக் கரண்ட் கட்டில் இது பெரிய உதவி.

இது உண்மையிலேயே ஜெயிப்பது மினுக்கமான சின்னப் பொருளில். மோதிரம், மூக்குத்தி, பித்தளைச் சிமிழ் மாதிரிப் பொருட்கள் சுற்றியிருப்பதைக் காட்டும் என்றேன் அல்லவா? பெட்டிக்குள் சுற்றிலும் வெள்ளை என்பதால் பொருளும் வெள்ளையைக் காட்டும். நீங்கள் தெரிய மாட்டீர்கள். உருண்டையான பொருளில் மட்டும் படமெடுக்கும் துளை ஒரு கறுப்புப் பொட்டாகத் தெரியும். துளை அளவுக்கு ஒரு வெள்ளை அட்டையில் லென்ஸ் நுழையும் ஓட்டை மட்டும் போட்டு மறைத்தால் பொட்டு சிறுத்துவிடும்.

குறை என்னவென்றால், பெரும்பாலான மலிவுப் பெட்டிகளில் வெளிச்சம் மேலிருந்து மட்டுமே வரும். குப்பியின் மூடி பளிச்சென்று இருக்கும், லேபிள் இருட்டில் இருக்கும். முன்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைச் சாய்த்து வைத்தால் ஓரளவு சரியாகும். ஓலைப் பெட்டியோ கல் சிற்பமோ உள்ளே போனால் எல்லாப் பக்கமும் வெளுத்து, பின்னலும் உளித்தடமும் காணாமல் போகும். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் பின்னணியில் மடிப்புக் கோடு விழுந்து, அதை அழிக்கவே ஒவ்வொரு படத்துக்கும் நேரம் போகும்.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 25 செ.மீ. பெட்டிக்குள் 20 செ.மீ. குப்பி நிற்கும், ஆனால் படம் வராது: மேல் விளக்கு குப்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும், பக்கச் சுவர் சட்டத்துக்குள் வந்துவிடும். பொருளின் உயரம் பெட்டியில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது என் கணக்கு. இன்று மூக்குத்தி விற்கிறவர் நாளை ஆரம் விற்கத் தொடங்கினால் இரண்டாவது பெட்டி வாங்க வேண்டிவரும்.

வாங்கும் முன் ஒரு அட்டைப் பெட்டியில் இடம், வலம், மேல் மூன்று பக்கமும் ஜன்னல் வெட்டி, டிரேசிங் பேப்பர் ஒட்டி, மேலே சொன்ன இரண்டு பல்பை வெளியே வைத்து எடுத்துப் பாருங்கள். பக்க வெளிச்சத்தை நீங்களே கூட்டிக் குறைக்கலாம் என்பதால், கடைப் பெட்டியைவிட இது பல நேரம் நன்றாகவே வரும்.

ரிங் லைட், போன் ஃபிளாஷ்

ஃபிளாஷ் வேண்டாம். ரிங் லைட்டைப் பொருளுக்கு நேர் எதிரே வைத்தால் குப்பியிலும் நகையிலும் வட்ட வளையம் தெரியும், மங்கலான பொருள் தட்டையாகும். ரீல்ஸுக்கு என்று ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதைப் பக்கத்துக்குக் கொண்டுபோய் வேட்டிக்குப் பின்னால் நிறுத்துங்கள், ஒரு நல்ல விளக்கு கிடைத்துவிட்டது. இதற்கென்று புதிதாக வாங்க வேண்டாம்.

நாகர்கோவிலுக்கு எடுத்துப் போய் ஸ்டுடியோவில் கொடுப்பது

நகை ஆரம், கல் சிற்பம் மாதிரி விலை உயர்ந்த, மாதக்கணக்கில் ஒரே படத்தை வைத்தே விற்கக்கூடிய பொருளுக்கு இது சரி. கடையின் முகப்புக்கு ஒரே ஒரு நல்ல படம் வேண்டும் என்றாலும் சரி. ஆனால் பொருட்களை நாம் எப்படி விற்கிறோம் என்று பாருங்கள். ஒவ்வொரு ஓலைப் பெட்டியும் நிறத்தில் வேறு, ஒவ்வொரு பருவத்துத் தேனும் வேறு. அதற்கெல்லாம் பஸ் ஏறிப் போவது நடக்காது. கொடுக்கும்போதே, முழு அளவுப் படம் உங்கள் கைக்கு வருமா, திருத்தம் செய்ய வேண்டியிருந்தால் தனிக் காசா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நகையை விட்டுவிட்டு வராமல் கூடவே இருந்து எடுத்து வாருங்கள்.

ஒரே பார்வையில்

| | ஜன்னல் | இரண்டு பல்பு + வேட்டி | லைட் பாக்ஸ் | ஸ்டுடியோ |
|---|---|---|---|---|
| நிறத்தின் நேர்மை | மிக நன்று, பச்சை கலக்காவிட்டால் | பல்பைப் பொறுத்து | நடுத்தரம் | நன்று |
| ராத்திரியில் | முடியாது | முடியும் | முடியும் | – |
| மழை நாளில் | தடுமாறும் | சிக்கலில்லை | சிக்கலில்லை | போய்வருவது சிரமம் |
| ஒரே மாதிரி வருவது | கடினம் | நன்று | மிக நன்று | அதே நாளில் எடுத்தால் நன்று |
| ஓலை, கல், கருப்பட்டி | மிக நன்று | நன்று | வேண்டாம் | நன்று |
| நகை, பித்தளை | நன்று, பிரதிபலிப்பைப் பார்க்க வேண்டும் | துணி பெரிதாக இருந்தால் நன்று | மிக நன்று | மிக நன்று |
| தேன், எண்ணெய் | மிக நன்று | நன்று | சுமார் | நன்று |
| கைக்காசு | சார்ட், தெர்மாகோல் மட்டும் | சில நூறு ரூபாய் | அளவுக்கேற்ப நூறுகளிலிருந்து ஆயிரங்கள் | ஒவ்வொரு முறையும் |
| கண்ணில் படாத செலவு | காத்திருப்பு, திரும்ப எடுப்பது | இடம், கட்டி அவிழ்க்கும் நேரம் | பெரிய பொருளுக்கு இன்னொரு பெட்டி | பயணம், உடைசல் |

சில பொருட்களுக்கு நேரடியாக

தேன்: வெளிச்சம் முன்னாலிருந்து வேண்டாம், பின்னாலிருந்து வரட்டும். ஜன்னலுக்கு முன்னால் குப்பியை வைத்து, ஜன்னலில் வேட்டியைக் கட்டுங்கள். தேன் தானாக ஒளிரும். லேபிள் இருட்டாகும், அதற்கு முன்பக்கம் கீழே ஒரு வெள்ளைத் தாள். குப்பியின் ஓரம் வெள்ளைப் பின்னணியில் கரைந்து போனால், இரு பக்கமும் சட்டத்துக்கு வெளியே ஒட்டி ஒரு கறுப்பு சார்ட் பட்டையை நிறுத்துங்கள். கண்ணாடியின் விளிம்பு மையால் வரைந்த மாதிரித் தெரியும். மைனியின் குப்பியை இப்படி எடுத்த பிறகு "நிறம் வேற" என்று ஒரு குப்பிகூடத் திரும்பி வரவில்லை. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் பெயரைச் சொல்லித் தேடுகிறார்கள். அந்த நிறத்தை உள்ளபடி காட்ட வேண்டிய பொறுப்பு நமக்கு இருக்கிறது.

கருப்பட்டியும் வெள்ளை லேஸும்: போன் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் சட்டம் நிறையக் கருப்பட்டி இருந்தால் வெளுக்க வைக்கும், லேஸ் இருந்தால் அழுக்காக்கும். போன் திரையில் பொருள் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு, கருப்பட்டிக்கு வெளிச்சக் கோட்டிலுள்ள குறியைக் கீழே இறக்குங்கள், லேஸுக்கு மேலே ஏற்றுங்கள். லேஸுக்கு வெள்ளைப் பின்னணி வேண்டாம். முளகுமூட்டுப் பக்கம் பின்னுகிற அந்த நுணுக்கம் கருநீலத் துணி மேல் வைத்தால்தான் எழுந்து நிற்கும், அதுவும் ஒரே பக்கத்திலிருந்து தாழ்வாக வரும் வெளிச்சத்தில்.

நகை: லைட் பாக்ஸ், அல்லது அட்டைப் பெட்டியும் நல்ல பல்பும். போனை ஒட்டி வைத்து எடுக்காதீர்கள். ஒன்றரை அடி பின்னால் போய் 2 எக்ஸ் (இரண்டு மடங்கு நெருக்கிக் காட்டும்) லென்ஸில் எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் பதக்கம் வீங்கி, சங்கிலி மெலிந்து தெரியும். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

இன்னும் முடிவு வரவில்லை என்றால், காசு செலவழிக்கும் முன் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதிகம் விற்கிற ஒரு பொருளை இன்று ராத்திரி வீட்டிலிருக்கும் விளக்குக்கு முன்னால் வேட்டி கட்டி எடுங்கள். நாளை காலை ஒன்பது மணிக்கு அதையே ஜன்னலோரம் எடுங்கள். இரண்டு படத்தையும் வீட்டில் வேறு ஒருவரின் போனுக்கு அனுப்பி, பொருளை அவர் கையில் கொடுத்து, எது இதைப் போல இருக்கிறது என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி மைனியிடம் போகும். அவர் குப்பியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.